நாள் குறிக்காத மரம்

எங்கள் கோயில் கமிட்டி எந்த விஷயத்தையும் ஒரே கூட்டத்தில் முடித்ததாக வரலாறு இல்லை. வாசலுக்குச் சாம்பல் நிற டைல் போடுவதா, செங்கல் நிற டைல் போடுவதா என்று ஒரு தைப்பொங்கலில் தொடங்கிய பேச்சு அடுத்த தைப்பொங்கல் வரைக்கும் போனது. அதனால் கொடிமரத்துக்கான கூட்டத்தில் எல்லோரும் ஒரேயடியாகத் தலையாட்டியபோது எனக்கு உடனே சந்தேகம் வந்தது. எங்கள் சனம் சண்டை பிடிக்காமல் ஒரு காரியத்துக்குச் சம்மதித்தால் அதில் ஏதோ பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

நானும் என் கணவரும் லண்டனின் கிழக்கே செவன் கிங்ஸில் இருக்கிறோம். குசினி, அதாவது சமையலறை அலுமாரிகள், பொருத்துவது எங்கள் தொழில். நான் ஜேர்மனியில் இருந்த காலத்தில் முறையாகத் தச்சுவேலை படித்தவள். கமிட்டியில் எனக்கு இடம் கிடைத்ததும் அதனால்தான். கதவு இறுகினால், அலுமாரி ஆடினால் கைவசம் ஒரு ஆள் இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். நாள் முழுக்க மரம் அறுத்துப் பிழைக்கிற என்னை, மரத்தைக் கண்டால் உருகுகிறவள் என்று யாரும் சொல்ல முடியாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பழைய கிடங்கு ஒன்றில் இருந்த கோயிலை அதே காணியில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தோம். கொடிமரத்தைத் தன் செலவில் தருவதாக ஒரு டொக்டர் முன்வந்தார். தமிழ்நாட்டுக்காரர், இதய வைத்தியர், லண்டனின் மறுகோடியில் இருக்கிற நோர்பரியிலிருந்து ஆற்றைக் கடந்து வாரம் தவறாமல் வருகிறவர். அவருடைய அம்மா ஊரில் தவறியபோது, இவர் விமானம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவின் நினைவாகத் தருகிற கொடிமரம் உலகத்திலேயே சிறந்த மரமாக இருக்க வேண்டும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். அதை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

கூட்டத்தில் அவர் தன் லாப்டொப்பைச் சுவர்த் திரையில் இணைத்து ஒரு படம் காட்டினார். கனடாவின் மேற்குக் கரையில் இருக்கிற மழைக்காடு. நடுவில் ஒரு செடார் மரம். அதன் அடியில் மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒரு ஆள் நின்றார். முதலில் அவரை நான் கவனிக்கவே இல்லை, அவ்வளவு சின்னதாகத் தெரிந்தார். மரத்தைச் சுற்றி நீல நிற ரிப்பன் கட்டியிருந்தது.

"ஆயிரம் வருஷ மரம்னு சொல்றாங்க," என்றார் டொக்டர். "தஞ்சாவூர்ல பெரிய கோயில் கட்டினப்போ இது கன்னு. ஒட்டுப்போடாத ஒரே மரம், லண்டன் மழைக்கு அழுகாது. நமக்காக ரிப்பன் கட்டி ஒதுக்கி வச்சிட்டாங்க. நாள் நட்சத்திரம் பாத்து நாம சொல்ற தேதியிலதான் வெட்டணும்னு கண்டிஷன் போட்டிருக்கேன். அதுக்கும் ஒத்துக்கிட்டாங்க. அட்வான்ஸும் குடுத்தாச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். மரம் எவ்வளவு கிழடோ அவ்வளவு புண்ணியம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

ஏனென்றால் அந்தக் காட்டை நான் பார்த்திருக்கிறேன். என் தம்பி கனடாவில், வன்கூவரில் இருக்கிறான். அவன் மகளின் கல்யாணத்துக்குப் போனபோது எங்களைப் படகில் ஏற்றி, பிறகு நீண்ட தூரம் காரில் கொண்டுபோய்க் காட்டினான். போகிற வழியெல்லாம் மொட்டை மலைகள். வெட்டிய அடிக்கட்டைகள் வெள்ளையாகச் செத்துக் கிடந்தன. அவற்றுக்கிடையில் ஒரே உயரத்தில், ஒரே வயதில் நட்ட கன்றுகள். பிறகு திடீரென்று அந்தக் காடு வந்தது. நிலத்தில் கால் வைத்தால் உள்ளே போனது, மரங்களெல்லாம் பாசியைப் போர்த்திக்கொண்டு நின்றன. எப்போதோ விழுந்த ஒரு மரத்தின் முதுகில் புது மரங்கள் வரிசையாக முளைத்து, அவையே என் உயரத்தைப் போல் பல மடங்கு வளர்ந்திருந்தன. ஒரு செடாரின் பட்டையில் கை வைத்தேன். தேங்காய்த் தும்பு மாதிரி இழை இழையாக, ஈரமாக இருந்தது. வேலைத்தளத்தில் எத்தனையோ முறை வாளால் அறுத்த அதே மரம்தான். ஆனால் அதை நிற்கிற கோலத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கணவர் படம் எடுக்கக் கூப்பிட்டார், எனக்கு அந்த இடத்தை விட்டு அசைய மனம் வரவில்லை.

திரும்பி வந்த பிறகு எங்கள் தொழிலில் அந்தப் பழங்காட்டு மரத்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். இப்போது அதே காட்டு மரத்தை என் கோயிலுக்குக் கொண்டுவரப் போகிறார்கள்.

நான் எழுந்து சொன்னேன். நட்டு வளர்த்து வெட்டுகிற மரம் வேறு, இது வேறு, இதை வெட்டினால் திரும்ப வராது என்றேன். பொருளாளர் அண்ணை சிரித்தார். கமிட்டியில் மூத்தவர், பிரான்சில் இருந்து வந்து இல்போர்டில் மளிகைக் கடை நடத்துகிறவர்.

"தங்கச்சி, கனடாவில மரத்துக்கு என்ன பஞ்சம்? ஒண்டு குறைஞ்சால் ஆர் எண்ணிப் பாக்கப்போறாங்கள்?"

"ஒவ்வொருத்தரும் ஒண்டெண்டுதான் அண்ணை கேக்கினம்."

"நாங்கள் எடுக்காட்டி வேற ஆரோ எடுத்துத் தோட்டத்துக்கு வேலி அடிப்பான். சாமிக்கு வந்தால் மரத்துக்கும் புண்ணியம்தானே."

அந்தக் கதை எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. "கொடிமரத்துக்கு மேல பித்தளைத் தகடு அடிச்சு மூடப்போறம். உள்ள இருக்கிறது ஆயிரம் வருசமோ அறுபது வருசமோ எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியும்ல," என்றார் மெதுவாக.

அன்றைய கூட்டம் வடையோடு முடிந்தது.

வீட்டுக்குப் போகும்போது வான் ஓட்டிக்கொண்டே கணவர், "இஞ்சேரும், கோயிலுக்குள்ள நிண்டு கத்தாதையும்," என்றார்.

"நான் கத்தினனானோ?"

"கத்தினனீர். சரி, இனி என்ன செய்யப்போறீர்?"

"விடப்போறதில்லை," என்றேன். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு சிக்னலில் திரும்பினார். என்னைத் தெரிந்தவர்.

மறுநாளே தம்பிக்கு அழைத்து அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி விசாரிக்கச் சொன்னேன். அவன் அந்தப் பக்கம் வேலை செய்கிற ஒரு சிநேகிதரைப் பிடித்துக் கேட்டுச் சொன்னான். அந்த நிலம் காலங்காலமாக அங்கே வாழ்கிற ஆதிக்குடிகளுடையது. மரத்தொழிலில் வேலை பார்க்கிறவர்களும் அவர்களில் இருப்பதால் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கை மட்டுமாவது வெட்டாமல் விடுங்கள் என்று பெரும்பாலானவர்கள் அரசிடம் கேட்டிருக்கிறார்கள். முடிவு வரும்வரை அவர்களுக்கு வேண்டியது அவகாசம். முடிவு வருவதற்கு முன்னரே வெட்டி முடித்துவிட வேண்டும் என்பது வியாபாரிகளின் அவசரம்.

இன்னொன்றும் சொன்னான். கடலில் மீன் பிடித்துத் தின்கிற ஒரு சின்னப் பறவை முட்டையிட மட்டும் அந்தக் காட்டுக்கு வருமாம். அது கூடு கட்டாது. கிழ மரத்தின் அகன்ற கொப்பில் தடிப்பாகப் படர்ந்த பாசியின் மேல் ஒரேயொரு முட்டை இடும். இளம் மரங்களில் அப்படிக் கொப்பும் இல்லை, பாசியும் இல்லை. ரிப்பன் கட்டிய மரங்களுக்கு மேலே அது பறந்து போவதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கமிட்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் போய்ச் சொன்னேன். பாதிப் பேரின் குசினி நான் பொருத்தியதுதான், ஆகவே கதவைத் திறக்காமல் விட ஏலாது. தேத்தண்ணி தந்தார்கள், கேட்டார்கள், பாவம்தான் என்றார்கள். அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரே வசனம்: "டொக்டர் மனம் நோவாரல்லோ." ஒருத்தி பேச்சோடு பேச்சாக அலுமாரி லாச்சி ஒன்று இழுக்க வராமல் இறுகுகிறது என்று காட்டினாள். அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த கூட்டம் நாள் குறிப்பதற்காகக் கூடியது. கொடிமரத்துக்கு மரம் எடுப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. வாள் வைப்பதற்கு முன் குருக்கள் மரத்தடியில் பூசை செய்து மரத்திடம் உத்தரவு கேட்க வேண்டும். கனடாவுக்குப் போக வசதிப்படாததால் அதை வீடியோவில் செய்வது என்று முடிவாகியிருந்தது. மரத்தடியில் வியாபாரியின் ஆள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார், குருக்கள் இங்கிருந்து மந்திரம் சொல்வார். எங்கள் குருக்கள் முப்பது வயதுக்காரர், கொரோனாக் காலத்தில் திவசத்தையே ஸூமில் செய்து கொடுத்தவர். அவருக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை.

டொக்டர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். "அந்த மந்திரத்துக்கு அர்த்தம் சொல்லுங்க குருக்களே," என்றார். "அங்க இருக்கறவங்களுக்கு இங்கிலீஷ்ல எழுதி அனுப்பணும்."

குருக்கள் சாதாரணமாகத்தான் சொல்லத் தொடங்கினார். "இந்த மரத்தில குடியிருக்கிற பறவையள், பாம்பு பூச்சியள், கண்ணுக்குத் தெரியாத தேவதையள் எல்லாரும் எங்களில கோவிக்காமல் வேற இடம் பாத்துப் போயிருங்கோ, இது சாமி காரியத்துக்கு வேணும், எண்டு கேக்கிறது. பிறகு அவைக்குப் படையல் வைக்கிறது."

டொக்டர் எழுதிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க வேண்டுமென்றுதான் போயிருந்தேன். இந்த முறை கத்தவில்லை. அந்தப் பறவையைப் பற்றிச் சொன்னேன். பாசியில் வைக்கிற ஒற்றை முட்டையைச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பொருளாளர் அண்ணை இரண்டு கைகளையும் மேசையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"சண்டைக் காலத்தில ஊரில எங்களுக்கும் உப்பிடித்தான் அறிவிச்சவங்கள். பின்னேரம் ஒலிபெருக்கி பூட்டின வாகனம் ஒண்டு ஒழுங்கையால வந்தது. எல்லாரும் உடன வெளிக்கிடுங்கோ எண்டாங்கள். அம்மா அடுப்பில சோறு வைச்சிருந்தவ, வடிக்க நேரமில்லை. கொட்டுற மழையிக்க சனத்தோட சனமா நடந்தம். அம்மா திரும்பி அந்த வீட்டைப் பாக்கேல்லை."

மேசையைச் சுற்றி இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே தெருவில் அதே மழையில் நடந்தவர்கள். நானும்தான். யாரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. பறவையைப் பற்றி வீடு வீடாகப் போய்ச் சொன்ன எனக்கே இது தோன்றியிருக்கவில்லை.

"அந்தக் குருவிக்குப் போறதுக்கு வேற இடம் இருக்கோ தங்கச்சி?" என்று அண்ணை கேட்டார்.

"இல்லை அண்ணை. பக்கத்து மலையெல்லாம் வெட்டியாச்சு. நட்டிருக்கிறது கண்டுகள். அதில பாசி பிடிக்கிறதைப் பாக்க எங்கட பேரப்பிள்ளையளும் இருக்க மாட்டினம்."

அவர் குருக்களின் பக்கம் திரும்பினார். "ஐயா, போகச்சொல்லிக் கேக்கிறம். அவை ஏலாது எண்டு சொன்னால்?"

குருக்கள் தயங்கினார். "கேட்டிட்டு உடன வெட்டுறதில்லை. ஒரு இரவு பொறுத்திருந்து சகுனம் பாக்கவேணும். சம்மதம் இல்லாத மரத்தை எடுக்கிறது முறையில்லை." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "சகுனத்தை வீடியோவில என்னண்டு பாக்கிறது," என்றார்.

டொக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். நான் பின்னால் போனேன். கார்ப் பார்க்கில் மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி, ஏறாமல் நின்றார்.

"அம்மாவுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

"தெரியும் டொக்டர்."

"அவங்க கடைசி வரைக்கும் வாடகை வீட்டுலதான் இருந்தாங்க. நான் படிக்கற காலத்துல எத்தனை வீடு மாறினோம்னு கணக்கே இல்ல. வீட்டுக்காரன் வந்து காலி பண்ணுங்கன்னு சொல்றப்போ அம்மா தலையாட்டிட்டே நிப்பாங்க. அவங்க பேரைச் சொல்லி நானே போயி இன்னொருத்தரைக் காலி பண்ணச் சொல்றேன் பாருங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கே கேன்சல் பண்ணிடறேன்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டு நிற்கிற நேரமில்லை என்றும் தெரிந்தது.

"கேன்சல் பண்ணாதேங்கோ," என்றேன்.

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"நாங்கள் விட்டால் அடுத்த கிழமையே வேற ஒருத்தன்ர ரிப்பனைக் கட்டுவாங்கள். அண்ணை சொன்ன மாதிரி வேலிதான் அடிப்பாங்கள். இப்ப அந்த மரம் எங்கட கோயில் பேரில நிக்குது. நாங்கள் நாள் சொல்லாமல் வெட்ட ஏலாது எண்டு நீங்கள்தானே கண்டிஷன் போட்டனீங்கள்?"

"ஆமா."

"நாளை ஆர் சொல்லவேணும்?"

"கமிட்டி."

"எங்கட கமிட்டி," என்றேன்.

விஷயம் அவருக்கு மெதுவாக விளங்கியது. பிறகு அந்தத் தூறலில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இது பொய் ஆகாதாக்கா?" என்று கேட்டார்.

"என்ன பொய்? டைலுக்கு ஒரு வருசம் எடுத்தவை ஆயிரம் வருச மரத்துக்கு அவசரப்படலாமோ?"

உள்ளே போய்ச் சொன்னோம். பொருளாளர் அண்ணை பஞ்சாங்கத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அதுதான் தீர்மானம்.

அன்றிலிருந்து எங்கள் கமிட்டி தன் முழுத் திறமையையும் காட்டுகிறது. ஆடியில் நல்ல காரியம் இல்லை. புரட்டாசியில் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை, அதைப் பேசித் தீர்க்க ஒரு கூட்டம். மார்கழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இடையில் கிரகணம், குருக்களின் இந்தியப் பயணம், வருடாந்தப் பொதுக்கூட்டம். நாள் பார்ப்பதற்கென்று ஓர் உபகுழு அமைத்தோம், அதற்குத் தலைவர் யார் என்பதில் உண்மையாகவே சண்டை வந்தது. விஷயம் தெரியாத புது அங்கத்தவர் ஒருவர், வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு அருமையான நாள் என்று எழுந்து சொன்னார். முழு மண்டபமும் அவர் மேல் பாய்ந்தது. பாவம், அந்த மனிதர் இன்னும் பின்வரிசையில்தான் இருக்கிறார்.

கொடிமரம் இல்லாமல் திருவிழா இல்லை. ஸ்கொட்லாந்தில் வெட்டுவதற்கென்றே வரிசையாக நட்டு வளர்த்த தோட்டத்தில் நேரான மரம் ஒன்று பார்த்தேன். குருக்களை எங்கள் வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனோம். அவர் மழைச் சட்டைக்கு மேல் பூணூல் தெரிய நின்று முறைப்படி உத்தரவு கேட்டார், ஒரு இரவு பொறுத்திருந்தோம், சகுனம் நன்றாக இருந்தது. நானும் கணவரும் அதைச் சீவி உருட்டியெடுத்தோம். முதுகு விட்டுப் போயிற்று. மேலே பித்தளைத் தகடு ஏறியது, பீடத்தில் டொக்டருடைய அம்மாவின் பெயர் பொறித்தார்கள். முதல் கொடியேற்றத்தன்று அவர் என் பக்கத்தில் நின்றார்.

"வெளியில பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா உள்ள என்ன மரம்னு எனக்குத் தெரியும்ல."

கனடாவில் இன்னும் முடிவு வரவில்லை. தம்பி அவ்வப்போது படம் அனுப்புகிறான், ரிப்பன் வெளுத்துவிட்டது, மரம் நிற்கிறது. வியாபாரி ஒரு நாள் பொறுமை இழந்து அட்வான்ஸைத் திருப்பி எறிவார். அன்றைக்கு வேறு வழி பார்ப்போம். அதுவரை குசினிக்கும் தோட்டத்துக்கும் செடார் கேட்டு வருகிறவர்களிடம் அது எங்கே வளர்ந்த மரம் என்று விற்கிறவரைக் கேட்கச் சொல்கிறேன். சிலர் வேறு ஆளைப் பிடிக்கிறார்கள். போகட்டும், நான் வாயை மூடப்போவதில்லை.

போன கூட்டத்தின் நடுவில் டொக்டருக்கு அந்த வியாபாரியின் அழைப்பு வந்தது. அவர் எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். வியாபாரி மரியாதையாகத்தான் பேசினார். இவ்வளவு காலமாகிவிட்டதே, வெட்டுவதற்கு நாள் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டார். பொருளாளர் அண்ணை தன் பையைப் பிடித்துக்கொண்டார்.

டொக்டர் போனுக்குப் பக்கமாகக் குனிந்து, நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வது போன்ற நிதானமான ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

"கேட்டிருக்கிறோம். அந்த மரத்தில் குடியிருப்பவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை."